காதோரம் ஒரு கொசு: ராத்திரி இரண்டு மணிக்குச் செய்ய வேண்டியதும், மாலை ஐந்தரைக்கே செய்திருக்க வேண்டியதும்

போன் வெளிச்சத்தைக் குறைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, படுத்தபடியே இதைப் படிக்கிறீர்களா? அப்படியென்றால் முதல் பகுதி மட்டும் போதும். எழுந்து அதைச் செய்துவிட்டுத் தூங்குங்கள். மீதியை நாளைக்கு டீ குடிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் வீடு சென்னையில், வேளச்சேரிப் பக்கம், முதல் மாடி. வீட்டுக்குப் பின்னால் ஒரு மழைநீர்க் கால்வாய். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் ஓடும்வரை கொசு அவ்வளவாக இராது. ஓட்டம் நின்று, தண்ணீர் தேங்கிக் கறுக்கிற தை, மாசியில்தான் படை கிளம்பும். தை பிறந்தால் வழி பிறக்கிறதோ இல்லையோ, கொசு பிறந்துவிடும். பத்து வருடம் இந்த வீட்டில் இருந்து நான் தெரிந்துகொண்டது ஒன்று: கூட்டமாக வரும் கொசுவைவிட ஒற்றைக் கொசுதான் தூக்கத்தைக் கெடுக்கும். ஐம்பது கொசு என்றால் எழுந்து மருந்தடிப்போம், வலை கட்டுவோம். ஒன்றே ஒன்று என்றால், ‘போய்விடும்’ என்று போர்வையை இழுத்துக்கொண்டு படுத்திருப்போம். அது போகாது. நாம் அரைத்தூக்கத்தில் கையை வீசிக்கொண்டே நாலு மணி ஆக்கிவிடுவோம்.

ஆகவே எங்கள் வீட்டுச் சட்டம் இதுதான். முதல் ‘ஙொய்ங்’ மன்னிக்கப்படும். இரண்டாவது ‘ஙொய்ங்’ கேட்டால் எழுந்தே ஆக வேண்டும்.

இப்போதே செய்ய வேண்டியது

முதலில், காதில் ஓங்கி அறைந்துகொள்ளாதீர்கள். கொசு சாவது அபூர்வம். ஆனால் உள்ளங்கையால் காதை அடைத்தாற்போல் விழும் அறை செவிப்பறையைக்கூடக் கிழிக்கும். 

எழுந்து அறைக் கதவைச் சாத்துங்கள். அதற்குப் பிறகு விளக்கு. இந்த வரிசை முக்கியம். கதவு திறந்திருந்தால் தேடும் கொசு ஹாலுக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும், நீங்கள் படுத்ததும் திரும்பி வரும். ஜீரோ வாட்ஸ் பல்பு உதவாது, டியூப்லைட்டையே போடுங்கள். பக்கத்தில் படுத்திருப்பவர் முனகுவார். முனகட்டும். இன்னும் இரண்டு மணி நேரம் நீங்கள் புரண்டால் அவருக்கும் தூக்கம் இல்லை.

அடுத்து, ஃபேனை நிறுத்துங்கள். பலரும் தவறுவது இங்கேதான். காற்று வீசும்வரை கொசு கட்டிலுக்கு அடியிலோ பீரோ மறைவிலோ ஒதுங்கியிருக்கும். காற்று நின்றால் வெளியே வரும், வந்து உட்காரும். கட்டில் ஓரத்தில், முழங்கால்வரை தெரிய, அசையாமல் இரண்டு நிமிடம் உட்காருங்கள். தூண்டிலும் நீங்கள்தான், புழுவும் நீங்கள்தான். அதற்குள் கண்ணும் வெளிச்சத்துக்குப் பழகிவிடும்.

இப்போது தேடல். அறை முழுவதையும் ஒரே நேரத்தில் பார்த்தால் எதுவும் தெரியாது. தலைமாட்டுச் சுவரில் தொடங்குங்கள், கட்டிலின் தலைப்பலகை உட்பட. பிறகு ஜன்னல் திரைச்சீலையின் மடிப்புகள். பிறகு கதவுக்குப் பின்னால் கொக்கியில் தொங்கும் சட்டை, நைட்டி, துண்டு. என் கணக்கில் பாதிக் கொசுக்கள் அங்கேதான் மாட்டியிருக்கின்றன. இருண்ட நிறத்துணி, கூடவே நம் வியர்வை வாசனை, அதற்கு வேறென்ன வேண்டும்? அதற்குப் பிறகு பீரோ பக்கவாட்டு, மேஜைக்கு அடிப்பக்கம், கட்டிலுக்குக் கீழே. உத்தரத்தைக் கடைசியாகப் பாருங்கள்.

உங்களை ஏற்கெனவே கடித்திருந்தால் வேலை இன்னும் சுலபம். வயிறு நிறைந்த கொசுவின் எடை ஏறக்குறைய இரட்டிப்பாகும், சில சமயம் அதற்கும் மேல். அந்தச் சுமையோடு அதனால் தூரம் போக முடியாது. பக்கத்துச் சுவரில் உட்கார்ந்து, குடித்த ரத்தத்திலுள்ள தண்ணீரை வெளியேற்றி உடம்பை லேசாக்கிக்கொள்ளும். படுக்கையிலிருந்து கைக்கு எட்டுகிற சுவர்ப்பகுதியைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான். வீட்டுச் சுவரில் பூச்சிமருந்து அடித்து மலேரியாவை ஒடுக்கிய பழைய திட்டமும் இந்தப் பழக்கத்தை நம்பித்தான் நடந்தது. குடித்துவிட்டுச் சுவரில் உட்காரும், உட்கார்ந்தால் மருந்து காலில் ஒட்டும்.

பெயிண்ட் பழசான சுவர் என்றால் ஆணி ஓட்டை, பழைய ரத்தக்கறை, பென்சில் புள்ளி எல்லாமே கொசுவாகத் தெரியும். இதற்கு ஒரு வித்தை: போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போல், பக்கவாட்டில் பிடித்து ஒளியைச் சுவர் மேல் படரவிடுங்கள். ஆணி ஓட்டைக்கு நிழல் விழாது. கொசுவுக்கு அதன் உடம்பைப் போலப் பல மடங்கு நீளமாக நிழல் விழும். எங்கள் வீட்டில் இதைக் கண்டுபிடித்தவன் என் பையன், எட்டு வயதில். அதுவரை நான் ஆணி ஓட்டைகளைத்தான் அடித்துக்கொண்டிருந்தேன்.

கண்டதும் பாயாதீர்கள். கை வேகமாக வரும்போது அதற்கு முன்னால் தள்ளப்படும் காற்றே கொசுவை ஒதுக்கிவிடும். உள்ளங்கையை மெதுவாக, ஒரு சாண் தூரம்வரை கொண்டுபோய், அங்கே நிறுத்தி, அங்கிருந்து ஒரே அடி. மடித்த செய்தித்தாள் கையைவிட மோசம், காற்று அதிகம் தள்ளும். உடம்பு துடைக்கும் ஈரிழைத் துண்டைச் சுண்டி அடிப்பது நல்லது, கண்ணிகளுக்குள் காற்று புகுந்துவிடும். கொசு பேட் இருந்தால் அதை வீச வேண்டாம். சுவரில் உட்கார்ந்திருக்கும் கொசுவை மூடினாற்போல் மெதுவாக வைத்து, பொத்தானை அழுத்திக்கொண்டு காத்திருங்கள். அது கிளம்பும்போது தானே கம்பியில் மோதும். மருந்து ஸ்பிரே அடித்த அறையில் உடனே பேட் வீசக் கூடாது. ஸ்பிரேயிலிருக்கும் வாயு தீப்பிடிக்கும், பேட்டில் பொறி பறக்கும்.

அடித்தபின் கொசுவின் உடலைப் பார்த்து உறுதி செய்யுங்கள். கையில் ஒட்டியிருக்க வேண்டும், அல்லது சுவரில் கறை இருக்க வேண்டும். ‘அடி விழுந்த மாதிரிதான் இருந்தது’ என்று விளக்கை அணைத்தால் பத்தே நிமிடத்தில் மறுபடி ‘ஙொய்ங்’.

பத்து நிமிடம் தேடியும் அகப்படவில்லையா? விடுங்கள். பிடிவாதம் பிடித்தால் தூக்கம் முழுதாகக் கலைந்துவிடும். ஃபேனை முழு வேகத்தில் வையுங்கள், டேபிள் ஃபேன் இருந்தால் உடம்பின் மேலேயே நேராகத் திருப்புங்கள், வெளியே தெரியும் கை கால்களில் கொசுவிரட்டிக் கிரீம் தடவுங்கள். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு ஐஸ் துண்டைத் துணியில் சுற்றி வையுங்கள். அரிப்பு என்பது கொசுவின் எச்சிலுக்கு நம் உடம்பு காட்டும் கோபம், சொறியச் சொறிய அது கூடும். மணி எத்தனை என்று மட்டும் பார்க்க வேண்டாம். பார்த்தால், ‘இன்னும் மூணு மணி நேரம்தான் தூங்க முடியும்’ என்ற கணக்கு தொடங்கிவிடும். அந்தக் கணக்கு கொசுவைவிடக் கொடுமை.

படுக்கையில் இருப்பவர்கள் இத்தோடு போய்த் தூங்கலாம்.

ஏன் எப்போதும் காதருகே?

கடிப்பது பெண் கொசு மட்டுமே. முட்டை வளர அதற்குப் புரதம் வேண்டும், அது நம் ரத்தத்தில் இருக்கிறது. ஆண் கொசு பூந்தேனையும் செடிச்சாற்றையும் குடித்துவிட்டுச் சாதுவாகக் காலம் தள்ளுகிறது. இருட்டில் பெண் கொசு நம்மைக் கண்டுபிடிப்பது மூச்சை வைத்து. நாம் வெளிவிடும் கரியமில வாயுவின் தடத்தை அது பல மீட்டர் தூரத்திலிருந்தே பிடித்துவிடும். கிட்டே வந்தபின் தோலின் வாசனை, வியர்வை, உடம்புச் சூடு ஆகியவற்றை வைத்து இறங்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும். படுத்திருக்கும் மனிதனில் மூச்சு வரும் இடம் தலை. போர்வைக்கு வெளியே இருப்பதும் தலை. ஆகவே அது முதலில் தலையைத்தான் சுற்றும்.

இன்னொரு காரணம் எளிமையானது. கொசுவின் சத்தம் மிகச் சின்னது. காலைச் சுற்றும்போதும் அது ரீங்காரமிடத்தான் செய்கிறது, நமக்குக் கேட்பதில்லை. ‘ராத்திரி சத்தமே இல்லை, காலையில் பார்த்தால் கணுக்காலெல்லாம் தடிப்பு’ என்று சொல்பவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள்.

அந்த ஒலி இறக்கை அடிப்பது. இனத்தையும் அறையின் சூட்டையும் பொறுத்து நொடிக்கு ஏறத்தாழ 350 முதல் 600 முறை. பாட்டுக் கற்றவர்களுக்கு ஒரு கணக்கு: ஐந்து கட்டை சுருதியில் மேல் ஸட்ஜம் 392 அதிர்வு. கர்நாடக சங்கீதம் பாடும் பெண்கள் பலரும் எடுத்துக்கொள்ளும் சுருதி. கொசுவும் கிட்டத்தட்ட அங்கேதான் நிற்கிறது. இந்தப் பாட்டு நமக்காகப் பாடப்படுவதும் இல்லை. ஆண் கொசுவின் இறகு போன்ற உணர்கொம்பின் அடியில் ஒலி உணரும் உறுப்பு இருக்கிறது, பெண்ணின் இறக்கை ஓசையை வைத்துத்தான் அது துணையைத் தேடி வருகிறது. நாம் ஊடே படுத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

எந்தக் கொசு என்று தெரிந்தால் எங்கே அடைப்பது என்று தெரியும்

ராத்திரி தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் கியூலெக்ஸ். மங்கலான பழுப்பு நிறம். சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி, தேங்கிய கால்வாய் என்று அழுக்குத் தண்ணீரில் வளரும். அந்தி மயங்கும்போது கிளம்பி, நள்ளிரவை ஒட்டிக் கடிக்கும். யானைக்கால் நோயைப் பரப்புவது இதுதான். அந்த நோயின் புழு கொசுவுக்குள் வளர்கிறது என்று 1877-ல் சீனாவின் அமோய் துறைமுகத்தில் பேட்ரிக் மேன்சன் என்ற மருத்துவர் கண்டார். மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டது அதற்கு இருபது வருடம் கழித்து, 1897-ல்.

மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் சென்னை போன்ற ஊர்களில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியிலும் கிணற்றிலும் வளரும். சுவரில் உட்காரும்போது பின்பக்கத்தைத் தூக்கி, சாய்வாக நிற்கும். கியூலெக்ஸ் சுவருக்கு இணையாக உட்காரும். டார்ச் பிடித்து நிழலைப் பார்க்கும்போதே இந்த வித்தியாசம் தெரிந்துவிடும். அடிக்கும் முன் ஒரு நொடி பாருங்கள். 

கறுப்பில் வெள்ளை வரி போட்ட ஏடிஸ் பகல் ஆசாமி. காலையிலும் பிற்பகலிலும் அதிகம் கடிக்கும். டெங்கு அதன் கைவரிசை. சத்தம் போடாமல் கணுக்காலைத் தேடும். நம்மை எழுப்பும் கொசு பெரும்பாலும் அதுவல்ல என்றாலும், விளக்கு எரியும் அறையில் ராத்திரியும் கடிக்கக்கூடியது என்பதால் முழுதாக மன்னிக்க முடியாது.

மாலை ஐந்தரை

ராத்திரி இரண்டு மணிக்கு நம்மை எழுப்பும் கொசு பெரும்பாலும் ஆறு மணிக்கே வீட்டுக்குள் வந்துவிட்டது. இது புரிந்த பிறகு எங்கள் வீட்டில் கொசு பாதியாகக் குறைந்தது. ஆனால் அம்மாவோடு ஒரு வழக்கு நடத்த வேண்டியிருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்தில் வாசல் கதவு திறந்திருக்க வேண்டும், அப்போதுதான் மகாலட்சுமி வருவாள் என்பது அம்மாவின் கட்சி. மகாலட்சுமியோடு கொசுவும் வருகிறதே என்றால், ‘அதுக்காகச் சாயங்காலத்தில கதவைச் சாத்துவியா?’ என்பார். ஒரு கோடையில் தச்சரைக் கூப்பிட்டு வாசலில் வலைக்கதவு போட்டோம். மரக்கதவு திறந்திருக்கும், வலைக்கதவு சாத்தியிருக்கும். காற்றுக்கே தடையில்லாத வலை லட்சுமிக்கா தடை என்று கேட்டேன். வழக்கு முடிந்தது. 

அதே அம்மா சொல்லும் இன்னொரு வழக்கத்தை நான் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டேன். விளக்கேற்றும் முன் கொல்லைக் கதவைச் சாத்த வேண்டும். உள்ளே வந்த லட்சுமி பின்வாசல் வழியே போய்விடக் கூடாதாம். சாக்கடையும் கழிவுத்தொட்டியும் எப்போதும் கொல்லைப் பக்கம்தானே இருக்கின்றன? யார் எதற்குச் சொல்லி வைத்தார்களோ, கொசு கணக்கில் அது மிகச் சரி.

வரிசை இப்படி இருக்கட்டும். சூரியன் மறைய அரைமணிக்கு முன் பின்பக்கக் கதவு, ஜன்னல்களைச் சாத்துங்கள். அந்த நேரத்தில் பளிச்சென்ற விளக்கை ஜன்னலோரம் எரியவிடாதீர்கள். கொக்கித் துணிகளை உதறி மடித்து வையுங்கள், கட்டிலடியில் ஒருமுறை துடைப்பம் விடுங்கள். பகலெல்லாம் அங்கே பதுங்கியிருந்தது வெளியே கிளம்பட்டும். ராத்திரி எட்டரை, ஒன்பதுக்கு மேல் வலை போட்ட ஜன்னல்களை மட்டும் காற்றுக்குத் திறந்துகொள்ளலாம்.

வலை என்றதும் எல்லோரும் ஜன்னலை மட்டும் பார்க்கிறார்கள். எங்கள் வீட்டில் எல்லா ஜன்னலுக்கும் வெல்க்ரோ வலை ஒட்டியபிறகும் கொசு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தேடியதில் அகப்பட்ட வாசல்கள் நாலு: ஏசி பைப் போகும் ஓட்டையைச் சுற்றி இருந்த இடைவெளி, குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன், சமையலறை மேலே இருந்த கண்ணாடிப் பட்டை வென்டிலேட்டர், கதவுக்கு அடியில் ஒரு விரற்கடை சந்து. ஏசி ஓட்டைக்கு எம்-சீல், கதவடிக்கு ரப்பர் பட்டை, மற்ற இரண்டுக்கும் வலை. ஏசி மாட்ட வருபவர்கள் ஓட்டையை அடைக்காமல் போவது எழுதப்படாத விதி போலிருக்கிறது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். புழங்காத குளியலறை இருந்தால் அங்கே தரையிலிருக்கும் வடிகாலில் வாரம் ஒருமுறை ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் காய்ந்துவிட்டால் சாக்கடையிலிருந்து நேர்வழி திறந்துவிடும்.

ஃபேன் என்னும் எளிய மருந்து

கொசு மோசமான பறவை. மணிக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர்தான் அதன் வேகம், நாம் நடப்பதைவிட மெதுவு. எடையோ இரண்டு மில்லிகிராம் அளவு. ஃபேன் காற்றை எதிர்த்து அதனால் நேராக வந்து இறங்க முடியாது. கூடவே நம் மூச்சின் தடத்தையும் ஃபேன் கலைத்துவிடுகிறது. உத்தர ஃபேனின் காற்று கட்டிலின் நடுவில் பலமாகவும் கால்மாட்டில் மெலிந்தும் விழும். ஆகவே கால்மாட்டுப் பக்கம் ஒரு டேபிள் ஃபேனைக் கட்டில் உயரத்துக்கு வைத்தால் வித்தியாசம் அன்றைக்கே தெரியும். கரண்ட் போன ராத்திரிகளில் மட்டும் கொசு எங்கிருந்தோ முளைத்ததுபோல் தோன்றுவது இதனால்தான். அது அறையில்தான் இருந்தது.

கொசுவலை

யார் எதைச் சொன்னாலும் வலைக்கு இணை இல்லை. ஆனால் வலை கட்டுபவர்களில் பாதிப் பேர் அரைகுறையாகக் கட்டுகிறார்கள்.

வாங்கும்போது கண்ணின் அளவைப் பாருங்கள். சதுர அங்குலத்துக்கு 156 கண்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. நாலு மூலையில் கயிறு கட்டும் சதுர வலையில் உள்ளே இடம் அதிகம், கையும் முட்டியும் வலையில் படாது. உச்சியில் ஒரே வளையத்திலிருந்து குடைபோல் இறங்கும் வலை அழகு, ஆனால் தூக்கத்தில் புரளும்போது உடம்பு வலையில் ஒட்டும். ஒட்டினால் கொசு வெளியிலிருந்தபடியே வலைக்கண் வழியாகக் குடிக்கும். மடக்கும் கூடார வலை வாடகை வீட்டுக்கு வசதி, ஆணியடித்து வீட்டுக்காரரிடம் பேச்சு வாங்க வேண்டாம். அதன் ஜிப்தான் முதலில் போகும். ஜிப்பின் கடைசி இரண்டு அங்குலத்தை மூடாமல் விடும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. கொசுவுக்கு அந்த இரண்டு அங்குலம் கோபுர வாசல்.

அந்தி சாய்வதற்கு முன்பே வலையை இறக்கி, ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிவிடுங்கள். பாயில் படுப்பவர்கள் பாய்க்கு அடியில் செருகலாம். தூங்கப் போகும்போது வலையை விரியத் தூக்காமல், சின்னதாகத் திறந்து நுழைந்து, உள்ளே உட்கார்ந்து டார்ச் அடித்து நாலு மூலையும் மேலும் பாருங்கள். வலைக்குள் மாட்டிக்கொண்ட ஒரு கொசு வெளியே இருக்கும் நூறு கொசுவுக்குச் சமம். அதற்கும் வேறு வழியில்லை, உங்களுக்கும் வேறு வழியில்லை. கிழிசலை உடனே தைத்துவிடுங்கள், நடுராத்திரி என்றால் ஒரு பேண்ட்-எய்டு ஒட்டினால் விடியும்வரை தாங்கும்.

கைக்குழந்தைக்கு வலை தவிர வேறு எதையும் நான் சொல்லமாட்டேன். குடைபோல் மடங்கும் குழந்தை வலை எல்லா ஊர்க் கடைகளிலும் கிடைக்கிறது. இரண்டு மாதம் ஆகாத குழந்தைக்குக் கொசுவிரட்டிக் கிரீம் கூடவே கூடாது. பெரிய குழந்தைக்குத் தடவினாலும் கையில் தடவாதீர்கள், கை வாய்க்குப் போகும்.

லிக்விட், சுருள், ஸ்பிரே

பிளக்கில் மாட்டும் லிக்விடைப் படுக்கும்போது போடுபவர்களே அதிகம். ஒரு மணி நேரம் முன்பே, ஜன்னல் சாத்திய அறையில் போட்டால்தான் மருந்து அறை முழுவதும் பரவும். ஜன்னலை விரியத் திறந்து, ஃபேனையும் முழு வேகத்தில் சுழலவிட்டு, லிக்விட் வேலை செய்யவில்லை என்று கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. இவை எல்லாவற்றிலும் இருப்பது சாமந்தி வகைப் பூவொன்றின் நஞ்சை மாதிரியாக வைத்துச் செய்த பைரித்ராய்டு மருந்துகள். நம் ஊர் கியூலெக்ஸ் இவற்றுக்கு நிறையவே பழகிவிட்டது. விரட்டும், மயக்கும், எப்போதும் கொல்லும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கொசுவத்திச் சுருளை மூடிய படுக்கையறையில் ஏற்றுவதை நிறுத்திவிடுங்கள். ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகளின் அளவு 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-ல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. திண்ணையில், வராந்தாவில், பால்கனியில் வைத்துக்கொள்ளலாம். பெட்டிக்கடையில் கிடைக்கும், பெயரும் முகவரியும் சரியாக இல்லாத கொசு ஊதுபத்திகளைத் தொடவே வேண்டாம். ஒரே குச்சியில் அறைக் கொசு முழுவதும் செத்து விழுகிறது என்றால் அதில் என்ன மருந்து எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று யோசிக்க வேண்டும்.

ஸ்பிரேயைக் காற்றில் அடிப்பது வீண். கட்டிலடி, பீரோப் பின்புறம், மேஜை அடி, திரைச்சீலை மடிப்பு ஆகிய இடங்களில் அடித்து, அறையைச் சாத்தி, இருபது நிமிடம் வெளியே இருந்துவிட்டு, பிறகு திறந்து காற்றாட விடுங்கள். மீன்தொட்டி இருந்தால் வேறு அறைக்கு மாற்றுங்கள். இந்த மருந்து மீனுக்கு எமன். பூனைக்கும் ஆகாது.

காசை வீணாக்குபவை

மனிதக் காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பிக் கொசுவை விரட்டும் கருவி, அதே வேலையைச் செய்வதாகச் சொல்லும் போன் ஆப் இரண்டுமே ஏமாற்று. வெவ்வேறு நாடுகளில் நடந்த 10 கள ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2007-ஆம் ஆண்டு மதிப்பாய்வு, இவற்றால் கடி குறைவதே இல்லை என்று முடித்துவிட்டது. எங்கள் வீட்டுக் கருவியின் மேலேயே ஒரு கொசு உட்கார்ந்திருந்ததைப் பார்த்த அன்று நான் அந்த முடிவுக்கு வந்திருந்தேன்.

நொச்சி விஷயம் கொஞ்சம் சிக்கலானது. சென்னை மாநகராட்சிகூட ஒரு காலத்தில் நீர்நிலைக் கரையோரம் வசிப்பவர்களுக்கு நொச்சிக் கன்று வழங்கியது. நொச்சி இலையைப் புகை போட்டால் கொசு ஒதுங்கும், கிராமத்தில் மாட்டுத் தொழுவத்தில் காலங்காலமாகச் செய்வதுதான். தொட்டியில் வைத்த செடி சும்மா நின்றுகொண்டு அறையைக் காக்காது. புகையும் புகைதான், இளைப்பு இருப்பவர்கள் வீட்டில் வேப்பிலையானாலும் நொச்சியானாலும் சாம்பிராணியானாலும் யோசித்துப் போடுங்கள்.

பாட்டி காலத்து வித்தை ஒன்று மட்டும் இன்னும் பிரமாதமாக வேலை செய்கிறது. ஒரு அலுமினியத் தட்டில் விளக்கெண்ணெய் தடவி, அந்தி நேரத்தில் கொசு கூட்டமாகச் சுற்றும் இடத்தில் இப்படியும் அப்படியும் வீசுங்கள். தட்டைத் திருப்பிப் பார்த்தால் எள் தூவியதுபோல் ஒட்டியிருக்கும். மொட்டைமாடிக்கும் கிணற்றடிக்கும் ஏற்றது. ஒற்றைக் கொசுவுக்கு உதவாது.

மொட்டைமாடியில் ஒரு குழாய்

கடைசியாக, நூறு ரூபாய்கூட ஆகாத ஒரு வேலை. எங்கள் தெருவில் இதைச் செய்திருந்தவர்கள் மூன்று வீட்டார்தான்.

கழிவுநீர்த் தொட்டியிலிருந்து மொட்டைமாடிவரை ஒரு காற்றுக்குழாய் போகும். அதன் வாய் திறந்திருந்தால், தொட்டிக்குள் வளரும் கியூலெக்ஸ் எல்லாம் அந்தக் குழாய் வழியாகத்தான் வெளியே வரும். ஒரு கொசு ஒரு தடவையில் நூற்றுக்கும் மேல் முட்டையிடும், அவை சின்னப் படகுபோல் ஒன்றாக ஒட்டி மிதக்கும். நம் ஊர் வெயிலில் முட்டை பறக்கும் கொசுவாவதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். அந்தக் குழாயின் வாயை நைலான் வலையால் கட்டினால் உள்ளே இருப்பது வெளியே வராது, வெளியே இருப்பது முட்டையிட உள்ளே போகாது. 

பழைய கொசுவலையில் ஒரு சாண் துண்டு எடுத்து, இரண்டாக மடித்து, குழாய் வாயில் விரித்து இறுக்கிக் கட்டுங்கள். பிளாஸ்டிக் பையைக் கட்டிவிடாதீர்கள், வாயு வெளியேற வழி வேண்டும். தொட்டி மூடியின் ஓர விரிசல்களுக்குச் சிமெண்ட் பூசுங்கள். வீட்டைச் சுற்றித் தேங்கும் சாக்கடை இருந்தால் தூர் வாரி ஓடவிடுங்கள். ஓடும் தண்ணீரில் கொசு வளராது. மாடிக்கு ஏறியதும் ஏறினீர்கள், தண்ணீர்த் தொட்டியின் மூடியையும் அதன் நிரம்பி வழியும் குழாயையும் பார்த்துவிடுங்கள். அனாபிலிஸும் ஏடிஸும் அங்கேதான் குடியிருக்கும். 

நாங்கள் முதல் தடவை குழாயில் வலையைச் சணலால் கட்டினோம். ஐப்பசி மழையில் நனைந்து, மார்கழியில் இற்று, பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஏறியவர் வலை பக்கத்து மாடியில் கிடப்பதாகச் சொன்னார். அதற்குப் பிறகு பிளம்பரிடம் ஒரு ஸ்டீல் கிளாம்ப் வாங்கி முறுக்கினோம். நாலு வருடமாக அசையவில்லை. வலைத்துண்டை மட்டும் ஒவ்வொரு புரட்டாசியிலும், மழைக்கு முன், மாற்றுகிறோம்.